தடுப்பூசியின் நினைவைச் சாகாமல் காக்கும் புரதங்கள்

குன்னூர் மார்க்கெட் பக்கம் நாய் கடித்து அரசு மருத்துவமனைக்கு வருகிறவரிடம் ஊசி போடுபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'இதுக்கு முன்னாடி முழுசா ஊசி போட்டிருக்கீங்களா? சீட்டு இருக்கா?' என்பது. இல்லை என்றால், தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்தில், இடத்துக்கு 0.1 மி.லி. ரத்தம் கசிந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, தயார்நிலையில் உள்ள எதிர்ப்பொருளையும் போட வேண்டும். முன்பே முழுதாகப் போட்டவர் என்றால் 0, 3 என்று இரண்டே நாட்கள்தான், இம்யூனோகுளோபுலின் கிடையாது. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுவது மட்டும் இருவருக்கும் பொது.

முன்பு போட்ட ஊசியின் பலன் எங்கே தங்கியிருக்கிறது? 'ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது' என்பது வழக்கமான பதில். அது பாதிப் பதில்தான். ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி வகை எதிர்ப்பொருளின் அளவு ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒரு முறை பாதியாகிவிடும். ஓர் ஆண்டில் 17 முறை பாதியானால், மிச்சம் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆண்டுகள் கழித்தும் எதிர்ப்பொருள் அளவிட முடிகிற நிலையில் இருக்கிறது என்றால், அதை நாள்தோறும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும் செல்கள் சாகாமல் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். எலும்பு மஜ்ஜையில் தங்கிய பிளாஸ்மா செல்கள்தான் அவை. அவற்றோடு நிணநீர்க்கணுக்களிலும் மண்ணீரலிலும் நினைவு செல்களும் காத்திருக்கின்றன.

1907-ல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வந்தது. அதற்கு முன் இந்தியாவில் இப்படியொரு நிலையம் 1900-ல் இமயமலையடியில் உள்ள கசௌலியில்தான் இருந்தது. வெறிநாய் கடித்தவர் தெற்கிலிருந்து அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டிய காலம் அது. பல தலைமுறைகளாக வெறிநாய்க்கடி ஊசியும் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியும் தயாரான ஊர் குன்னூர். குப்பியில் இருக்கும் மருந்து என்ன செய்கிறது என்பது இந்த மலையில் பலருக்கும் ஓரளவு தெரியும். அந்த மருந்து எழுப்பிவிட்ட செல்களில் எது பிழைக்கும், எது சாகும் என்பதைத் தீர்மானிக்கும் புரதங்களைப் பற்றித்தான் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை.

இதில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. நோயெதிர்ப்புச் செல்லுக்குச் சாவுதான் இயல்பு நிலை. 'இரு' என்று வெளியிலிருந்து சைகை வந்துகொண்டே இருந்தால்தான் அது இருக்கும். சைகை நின்றால், யாரும் கொல்ல வேண்டியதில்லை, தானாகவே மடியும். இந்த ஒழுங்கான மடிவுக்கு 1972-ல் கெர், வைலி, கரி ஆகிய மூவர் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் செல் தன்மடிவு எனலாம். செல் சுருங்கும், உட்கரு துண்டாகும், சவ்வு கிழியாமலே சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரியும், பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். உள்ளே இருந்தது எதுவும் வெளியே சிந்தாததால் வீக்கமோ சீழோ இராது.

மடிவு நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு. பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள் அந்தச் சவ்வில் கூட்டுச் சேர்ந்து ஓட்டை போடும். ஓட்டை வழியாக சைட்டோகுரோம்-சி வெளியே வரும். அது அப்பாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்ந்து காஸ்பேஸ்-9 நொதியைத் தூண்டும், அது காஸ்பேஸ்-3-ஐத் தூண்டும், காஸ்பேஸ்-3 செல்லின் உள்கட்டுமானத்தை நறுக்கித் தள்ளும். ஓட்டை விழுந்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வழியில்லை. ஆகவே காவல் அனைத்தும் ஓட்டை விழுவதற்கு முன்னால்தான்.

அந்தக் காவல்தான் பிசிஎல்-2 குடும்பத்தின் உயிர்காப்புப் புரதங்கள்: பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1, பிசிஎல்-டபிள்யூ, ஏ-1. இவை பாக்ஸ், பாக் இரண்டையும் பிடித்து அடக்கி வைக்கின்றன. இவற்றின் எதிரிகள் பிம், பூமா, நாக்ஸா, பேட், பிட் போன்ற சிறிய புரதங்கள். செல்லுக்குப் பட்டினி, டிஎன்ஏ சேதம், தவறான சைகை என்று எது நேர்ந்தாலும் இவற்றில் ஒன்றின் அளவு கூடும். உயிர்காப்புப் புரதத்தின் மேற்பரப்பில் நீளமான பள்ளம் ஒன்று உண்டு. எதிரிப் புரதத்தின் சுருள் துண்டு அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். பள்ளம் நிரம்பிவிட்டால் பாக்ஸைப் பிடிக்கக் கை இல்லை. எல்லோரும் எல்லோரோடும் ஒட்டுவதில்லை என்பது இங்கே முக்கியம். பிம்மும் பூமாவும் எல்லாப் பள்ளத்திலும் பொருந்தும். பேட், எம்சிஎல்-1-இல் பொருந்தாது, பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் பக்கம்தான் போகும். நாக்ஸா நேர்மாறு, எம்சிஎல்-1-ஐயும் ஏ-1-ஐயும்தான் தேடும். பின்னால் வரும் மருந்துக் கதை முழுக்க இந்தப் பொருத்தத்தின் மேல்தான் நிற்கிறது.

பிசிஎல்-2 முதலில் அகப்பட்டது ஒரு புற்றுநோயில். ஃபாலிகுலர் லிம்ஃபோமா நோயாளிகளின் செல்களில் 14-ஆம் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. 1980-களின் நடுவில் அந்த ஒட்டு விழுந்த இடத்தில் இருந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருக்குவது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். 1988-ல் மெல்பர்னில் வாக்ஸ், கோரி, ஆடம்ஸ் ஆகியோர் பிசிஎல்-2-ஐச் செல்லில் ஏற்றிவிட்டு, அந்தச் செல்களுக்கு உயிர்நாடியான வளர்ச்சிக் காரணியை எடுத்துவிட்டார்கள். செல்கள் பெருகவில்லை. ஆனால் சாகவும் இல்லை. சும்மா இருந்தன. சாகாமல் இருப்பதே புற்றுக்கு ஒரு வழி என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு காவலாள்

எலும்பு மஜ்ஜையின் மூலச் செல் முதல் லிம்ஃபோசைட் என்ற முதிர்ந்த நோயெதிர்ப்பு வெள்ளணு வரை ஒரே புரதம் காப்பாற்றிக்கொண்டு வருவதில்லை. நிலை மாறும்போது காவலாளும் மாறுகிறது. அந்தக் கைமாற்றும் நேரத்தில்தான் செல்கள் கூட்டமாகச் சாகின்றன. இந்த வளர்ச்சியைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் புரதங்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கைமாற்றங்களைப் பார்ப்பது நல்லது.

மூலச் செல்லுக்கு எம்சிஎல்-1 இல்லாமல் முடியாது. 2005-ல் எலிகளில் இந்த மரபணுவை வேண்டிய நேரத்தில் நீக்கிப் பார்த்தபோது ரத்தத்தின் மூலச் செல்களே மடிந்துபோயின. அதற்கு முன் 2003-ல், பி, டி என்ற இரு வகை லிம்ஃபோசைட்டுகளும் வளரவும் நிலைக்கவும் இதே புரதம் தேவை என்பது தெரிந்திருந்தது. கருவிலேயே முழுக்க நீக்கினால் கரு கருப்பையில் ஒட்டும் கட்டத்தைத் தாண்டுவதில்லை.

டி செல்லின் வளர்ச்சி நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் நடக்கிறது. உள்ளே நுழையும் இளம் செல்லுக்கு இண்டர்லூக்கின்-7 என்ற சைகைப் புரதம் கிடைக்கிறது. அது செல்லுக்குள் ஸ்டாட்-5 என்ற தூதுப் புரதம் வழியாக பிசிஎல்-2, எம்சிஎல்-1 அளவை ஏற்றி வைக்கிறது. இந்தச் சைகையை வாங்கும் ஏற்பியில் பிறவிக் குறை இருந்தால் குழந்தைக்கு டி செல்களே இராது, கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு பிறக்கும். அந்த ஏற்பி இல்லாத எலிகளில் பிசிஎல்-2-ஐ மட்டும் செயற்கையாகக் கூட்டியபோது டி செல்கள் பெருமளவு திரும்பின. பி செல்கள் திரும்பவில்லை. டி செல்லுக்கு இண்டர்லூக்கின்-7 சொல்வதில் பெரும்பகுதி 'பிழைத்திரு' என்பதுதான், பி செல்லுக்கு அது 'பி செல்லாக மாறு' என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரே சைகை இரண்டு வீட்டில் இரண்டு வேலை செய்கிறது.

அடுத்த கட்டத்தில் செல் சிடி-4, சிடி-8 என்ற அடையாளப் புரதங்கள் இரண்டையும் மேற்பரப்பில் ஏற்றிக்கொள்கிறது. இங்கே பிசிஎல்-2 சட்டென்று இறங்கிவிடும், பொறுப்பு பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 கைக்குப் போகும். இந்தச் செல்லுக்குக் கிடைக்கும் அவகாசம் மூன்று, நான்கு நாள். அதற்குள் அதன் ஏற்பி புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் நம் உடலின் எம்எச்சி மூலக்கூறில் மென்மையாகவாவது ஒட்ட வேண்டும். ஒட்டாதவை கவனிப்பாரற்று மடிகின்றன. மிகப் பெரிய சாவு இதுதான். அளவுக்கு மீறி இறுக ஒட்டுகிறவை, நம் உடலையே தாக்கக்கூடியவை. அவற்றில் பிம் ஏறி அவற்றைக் கொல்கிறது. 2002-ல் பிம் இல்லாத எலிகளைச் சோதித்தபோது, அழிய வேண்டிய இந்தச் செல்கள் பிழைத்துப்போவது தெரிந்தது. நடுத்தரமாக ஒட்டியவை மட்டும் பிசிஎல்-2-ஐத் திரும்ப ஏற்றிக்கொண்டு வெளியே வருகின்றன. நூறு உருவானால் வெளியே வருவது மூன்று முதல் ஐந்து வரை.

பிசிஎல்-2 இல்லாத எலிகள் இந்தக் கணக்கைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1993-ல் அவற்றை உருவாக்கியபோது, பிறந்தவுடன் லிம்ஃபோசைட்டுகள் ஏறக்குறைய ஒழுங்காகவே இருந்தன. சில வாரங்களில் தைமஸும் மண்ணீரலும் வற்றிப்போயின. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வந்தன. இரண்டாம் சுற்று முடி முளைத்தபோது உடல் நரைத்தது. செல்கள் உருவாவதில் குறையில்லை, தங்குவதில்தான் குறை. பிறகு அதே எலிகளில் பிம்மையும் சேர்த்து நீக்கினார்கள். எலிகள் தேறின. ஆக, பிசிஎல்-2 தனியாக எவ்வளவு இருக்கிறது என்பது பாதி விவரம்தான். எதிரில் பிம் எவ்வளவு நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூட அறிக்கையில் ஒரே ஒரு உயிர்காப்புப் புரதத்தை அளந்துவிட்டு 'இந்தச் செல் பிழைக்கும்' என்று எழுதுவது அதனால்தான் தவறாகப் போகிறது.

நிணநீர்க்கணுவின் ஒரு சீவலில்

ஊசி போட்ட சில நாட்களில் அக்குள் நிணநீர்க்கணுவில் முளைமையம் என்ற உருண்டை உருவாகும். அதன் மெல்லிய சீவலில் பிசிஎல்-2 உள்ள செல்கள் பழுப்பாகும்படி நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் ஒரு காட்சி. சுற்றிலும் இருக்கும் வளையத்துச் செல்கள் பழுப்பாக நிறம் பிடித்திருக்கும், நடுவில் உள்ள உருண்டை வெளுத்துக் கிடக்கும். அங்கே பி செல்கள் பிசிஎல்-2-ஐ வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கின்றன. பிசிஎல்-6 என்ற, பெயரில் மட்டும் ஒத்துப்போகிற வேறொரு புரதம் அதை அடக்குகிறது. காரணம் இருக்கிறது. அந்த உருண்டைக்குள் பி செல்கள் தம் எதிர்ப்பொருள் மரபணுவைத் தாமே மாற்றி எழுதுகின்றன. பல மாற்றங்கள் கெடுதலாகவே முடியும். கெட்டவை உடனே சாக வேண்டும், ஆகவே காவல் குறைவாக இருப்பதே நல்லது. எலிகளில் அளந்தபோது 6 மணி நேரத்துக்கு ஒரு முறை முளைமையத்துச் செல்களில் பாதி வரை மடிவது தெரிந்தது. இங்கேயும் எம்சிஎல்-1 மட்டும் மெல்லிய இழையாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதையும் நீக்கினால் முளைமையமும் இல்லை, நினைவு பி செல்லும் இல்லை.

அதே சீவலில் நடு உருண்டையும் பழுப்பாக நிறம் பிடித்திருந்தால் நோயியல் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். ஃபாலிகுலர் லிம்ஃபோமாவுக்கான வலுவான அடையாளம் அது. சாக வேண்டிய இடத்தில் செல்கள் சாகாமல் இருக்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: சாதாரண டி செல்களும் வளையத்து பி செல்களும் எப்போதும் பிசிஎல்-2 நிறம் பிடிக்கும். உருண்டைக்குள் டி செல்கள் கலந்திருப்பதைப் பார்த்து ஏமாறாமல் இருக்க, டி செல்லைக் காட்டும் சிடி-3, பி செல்லைக் காட்டும் சிடி-20, முளைமையத்து பி செல்லைக் காட்டும் சிடி-10 ஆகியவற்றுக்கு நிறமேற்றிய சீவல்களையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

முளைமையத்தில் தேறியவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்லாகி எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஏப்ரில் என்ற சைகைப் புரதம் பிசிஎம்ஏ என்ற ஏற்பியில் ஒட்டி, எம்சிஎல்-1 அளவை நிலையாக வைத்திருக்கிறது. 2013-ல் எலிகளின் பிளாஸ்மா செல்களில் எம்சிஎல்-1-ஐ நீக்கியபோது அவை விரைவாக மறைந்தன. சீட்டில் 'முழுதாகப் போட்டாயிற்று' என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் நிற்பது இந்தச் சங்கிலிதான்.

வைரஸோடு சண்டையிட்ட டி செல்களின் கணக்கு வேறு. நோய் அடங்கியதும் சில வாரங்களில் அவற்றில் 90 முதல் 95 சதவீதம் மடிகின்றன, அதில் பிம்முக்குப் பெரும் பங்கு. தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும்போது ஓரத்தில் இரண்டொரு கிளையை இலையோடு விட்டு மற்றதை வெட்டுவது போல, இண்டர்லூக்கின்-7 ஏற்பியும் பிசிஎல்-2-வும் கூடுதலாக உள்ள சில செல்கள் மட்டும் நிற்கின்றன. அடுத்த தளிர் அவற்றிலிருந்துதான்.

ரத்த அறிக்கையில் இது தெரியும் இடம்

டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுக்கிறவரின் ரத்த அறிக்கையில் வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் வகை 85 சதவீதம், லிம்ஃபோசைட் 8 சதவீதம் என்று வந்தால் பலர் கிருமித் தொற்று என்று பயந்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு லிம்ஃபோசைட்டில் பிம்மையும் பூமாவையும் ஏற்றி அதைக் கொல்லும், அதோடு மிச்சத்தை ரத்தத்திலிருந்து மஜ்ஜைக்கு ஒதுக்கவும் செய்யும். நியூட்ரோஃபிலிலோ தன்மடிவைத் தள்ளிப்போடும், ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தவற்றையும் கழற்றி ஓட்டத்தில் விடும். ஒரே மாத்திரை ஒரு செல்லைக் கொன்று இன்னொன்றைக் காப்பாற்றுகிறது. அதனால் ஸ்டீராய்டு எடுக்கிறவரின் எண்ணிக்கையைப் படிக்கும்போது காய்ச்சல், அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதத்தின் அளவு, முதிராத நியூட்ரோஃபில்களின் பங்கு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நியூட்ரோஃபில் ரத்தத்தில் ஒரு நாள் தங்கினாலே அதிகம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோஃபில்களை மஜ்ஜை உருவாக்குகிறது. அதன் உயிர் எம்சிஎல்-1-இல் தொங்குகிறது. எம்சிஎல்-1 உருவான அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் சிதைக்கப்பட்டுவிடும் புரதம், தொடர்ந்து புதிதாகச் செய்தால்தான் உண்டு. சைகை நின்றதும் செல் விரைவாக மடிவதன் ரகசியம் இதுதான்.

இந்தக் குறுகிய ஆயுள் மலையூர்களின் ஆய்வுக்கூட வேலையை நேரடியாகத் தொடுகிறது. ஊட்டியிலோ கோத்தகிரியிலோ எடுத்த ரத்தம், செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்கும்போது, மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் ஒரு நாள் போய்விடும். அதற்குள் நியூட்ரோஃபில்கள் குழாய்க்குள்ளேயே மடியத் தொடங்கியிருக்கும். அறிக்கை நோயைச் சொல்லாது, பயணத்தைச் சொல்லும். மாதிரியை 18 முதல் 25 டிகிரிக்குள் வைத்திருங்கள். உறைபனி விழும் ஜனவரி இரவில் திறந்த ஜீப்பில் போகிற பெட்டிக்கு அதற்கேற்ற உறை தேவை. ஐஸ் பையை நேராகக் குழாயில் ஒட்ட வைக்கக் கூடாது.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. மடியும் செல்லைக் கண்டுபிடிக்க அனெக்சின்-5 என்ற புரதத்தில் நிறம் ஏற்றிப் பயன்படுத்துகிறோம். செல் மடியத் தொடங்கும்போது உள்ளே இருந்த பாஸ்ஃபாடிடில்செரின் கொழுப்பு வெளிப்பக்கம் புரளும், அனெக்சின் அதில் ஒட்டும். ஒட்டுவதற்குக் கால்சியம் வேண்டும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்துள்ள ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். செல்களை நன்கு கழுவி, 2.5 மில்லிமோலார் கால்சியம் உள்ள கரைசலில் மாற்றி, வெளிச்சம் படாமல் அறை வெப்பத்தில் 15 நிமிடம் வைத்து, உடனே கருவியில் ஓட்ட வேண்டும். கழுவாமல் விட்டால் சாகும் செல்கூட உயிரோடு இருப்பது போலத் தெரியும். சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் புரோப்பிடியம் அயோடைடு நிறத்தையும் சேர்த்தால், அனெக்சின் மட்டும் பிடித்தது மடியத் தொடங்கிய செல், இரண்டும் பிடித்தது சவ்வு கிழிந்த செல். இரண்டாம் வகை மிகுந்திருந்தால் முதலில் மாதிரியைச் சந்தேகியுங்கள்.

பள்ளத்தை அடைக்கும் மாத்திரை

வெனடோகிளாக்ஸ் என்ற மாத்திரை பிசிஎல்-2-இன் பள்ளத்தில் மட்டும் போய் உட்காருகிறது. பிசிஎல்-2-ஐயே நம்பி வாழும் நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயின் செல்களில், அங்கே கட்டுண்டிருந்த பிம் விடுபட்டு வேலையைத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. இதற்கு முந்தைய நாவிடோகிளாக்ஸ் பிசிஎல்-எக்ஸ்எல்-ஐயும் சேர்த்து அடைத்தது. ரத்தத் தட்டணுக்களின் ஆயுளைப் பிடித்து வைத்திருப்பது பிசிஎல்-எக்ஸ்எல், அதனால் தட்டணுக்கள் சரிந்தன. எம்சிஎல்-1-ஐ அடைக்கும் மருந்துகள் சோதனைக் கட்டத்தில் இதயத் தசையைப் பாதித்தன, சில சோதனைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. எந்தச் செல் எந்தப் புரதத்தில் தொங்குகிறது என்பது தெரிந்தால் பக்கவிளைவை முன்கூட்டியே ஊகிக்கலாம்.

இந்த லுகேமியாவுக்கு வெனடோகிளாக்ஸ் மெதுவாகத்தான் ஏற்றப்படுகிறது. வாரத்துக்கு ஒரு படி: 20, 50, 100, 200, 400 மி.கி. ஒரேயடியாக முழு அளவு கொடுத்தால் கோடிக்கணக்கான செல்கள் ஒரே சமயத்தில் மடிந்து பொட்டாசியமும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகமும் இதயத் துடிப்பும் கெடும். தொடங்கும் முன் இரண்டு நாளாவது நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர், கூடவே அல்லோப்யூரினால். 20, 50 மி.கி. படிகளில் முதல் மாத்திரைக்கு முன்பும், 6 முதல் 8 மணி நேரத்திலும், 24 மணி நேரத்திலும் ரத்தச் சோதனை. கூடலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ வருகிறவர்கள் அந்த நாட்களில் ஊருக்குத் திரும்பாமல் மருத்துவமனை பக்கத்திலேயே தங்குவது நல்லது. 6 மணி நேரச் சோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தால் இரவில் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்க முடியாது. பம்பளிமாஸ் இனத்து கிரேப்ஃப்ரூட், மார்மலேடு செய்யும் கசப்பு ஆரஞ்சு, நட்சத்திரப் பழம் மூன்றையும் விலக்க வேண்டும். அவை கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதியைத் தடுத்து ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். கிளாரித்ரோமைசினும் சில பூஞ்சை மருந்துகளும் அதையே செய்யும். எனவே சளிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கும்போதும் இதைச் சொல்ல வேண்டும்.

இந்த மாத்திரை நோய்ச் செல்லோடு நல்ல பி செல்களையும் குறைக்கிறது, நியூட்ரோஃபிலும் இறங்கும். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை இந்தக் காலத்தில் போடக் கூடாது. நாய்க்கடி விஷயத்தில் இதற்கு ஒரு நேரடி விளைவு உண்டு. நோயெதிர்ப்பு குன்றியவரை நாய் கடித்துவிட்டால், அவர் முன்பு முழுதாக ஊசி போட்ட சீட்டைக் காட்டினாலும் 0, 3 என்ற இரண்டு நாள் கணக்கு அவருக்கு இல்லை. முழுச் சுற்று ஊசியும் இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். சீட்டில் எழுதியிருக்கும் நினைவு அவருடைய மஜ்ஜையில் இன்னும் இருக்கிறதா என்று நம்ப முடியாது. ஊசி போடுபவர் பழைய சீட்டைக் கேட்கும்போது, இப்போது சாப்பிடும் மாத்திரையின் அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள்.